இரண்டு கல்

எங்கள் ஊரில் பேட்டரியைக் கல் என்றுதான் சொல்வோம். டார்ச்சில் போடுவது பெரிய கல். ரிமோட்டில் போடுவது பேனாக் கல். பக்கத்துக் காப்பிக்கடையில் ஹூக்காவின் தலைமேல் புகையிலை அடைத்து வைக்கும் மண் கிண்ணத்துக்கும் கல் என்றே பெயர். இதனால் யாரும் குழம்பி நான் பார்த்ததில்லை. என் கடையில் கேட்டால் பேட்டரி, காப்பிக்கடையில் கேட்டால் புகையிலை.

என் கடை என்று சொன்னாலும் அது அக்கா நஹ்லாவின் கணவர் ரம்ஸியுடையது. எங்கள் ராஸ் அல்பர் கோடையில் மட்டும் ஊராக இருக்கும். ஒரு பக்கம் நைல், இன்னொரு பக்கம் கடல், நடுவில் பூட்டிய வீடுகள். கோடையில் ரம்ஸி இங்கே மிதவையும் நீச்சல் கண்ணாடியும் விற்பார். கூட்டம் வடிந்ததும் டம்யாத் நகரத்துக்குப் போய் கட்டில் மேஜைகளுக்குப் பாலிஷ் போடுவார். குளிர்காலத்தில் கடையைத் திறந்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த நான் அந்த ஆள் ஆனேன். மிதவைகளின் காற்றைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டு, கல், பல்பு, சார்ஜர், ஒயர் என்று அடுக்கினேன்.

"ஆளோட பேசவேண்டியதில்லாத வேலை. உனக்குன்னே செஞ்சு வெச்சது," என்றாள் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சில நாள் மாலையில் கடையைப் பூட்டும்போது, காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, "விழுந்துடுச்சு" என்று சத்தமாகச் சொல்வேன். குரல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

காப்பிக்கடை தஸூகி மாமா மட்டும் காலையில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன தக்தூரா, கல்லெல்லாம் சௌக்கியமா?" என்பார். அறிவியல் படித்த யாரையும் இங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். நான் தலையாட்டுவேன்.

ஃபிக்ரி முதலில் வந்தது மழை பெய்த ஒரு வியாழக்கிழமை. ஆற்றின் அக்கரையில் இருக்கும் இஸ்பத் அல்புர்கிலிருந்து படகில் வந்திருந்தார். கழுத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தொங்கியது. ஒரு தாள் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பேனாக் கற்கள். ஓரங்களில் வெள்ளையாகக் கசிந்திருந்தன. நடுவில் பல் பதிந்த தடம் இருந்தது.

"கடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நான் இல்ல. படகுக்காரர். கடிச்சா உயிர் வரும்னார். நான் வெயில்ல மட்டும்தான் வெச்சேன்."

குரல் கரகரவென்று வந்தது. தொண்டையைக் கனைத்துவிட்டு, மன்னிக்கவேண்டும், நாலைந்து நாளாகப் பேசவில்லை என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

அவருடைய வேலை அப்படி. மன்ஸாலா ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளின் குரலைப் பதிவு செய்யும் ஒரு கணக்கெடுப்பில் இருந்தார். நாணலுக்கு நடுவே ஒரு குடிசை. மின்சாரம் கிடையாது. கருவியை இயக்கி, இடமும் தேதியும் சொல்லிவிட்டு, பிறகு மூச்சுக்கூட மெதுவாக விடவேண்டும். அக்கரைக் கடைகளில் வாங்கிய கற்கள் மலிவு. நாமக்கோழிகள் கூட்டமாக எழும்பிய ஒரு விடியலில் பாதியில் நின்றுபோயின. அந்தக் கூட்டம் மறுபடி அப்படி எழும்பவில்லை. இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பல வியாழக்கிழமைகளில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அன்று நான் நல்ல அல்கலைன் கற்களை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வியாழன் தீர்ந்த கற்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஏரியில் போட மனம் வரவில்லையாம். வாங்கி ஒரு வாளியில் போட்டேன். அதன்பின் ஒவ்வொரு வியாழனும் பகல் படகில் வந்தார். புதுக் கல் வாங்கினார், பழசை வாளியில் போட்டார். படகு திரும்பும்வரை கடை வாசலில் நின்று பேசினார்.

தெற்கத்தி ஆள், கெனா பக்கம். எங்கள் டம்யாத் வட்டார ஆட்களைப் பற்றி எகிப்து முழுக்க ஒரு கிண்டல் உண்டு: வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், 'ராத்திரி சாப்பிடறீங்களா, இல்ல லேசான வயித்தோட தூங்கறீங்களா?' என்று கேட்போமாம். அதை அவர் இரண்டாவது வாரமே என்னிடம் கேட்டுவிட்டார். நான் ஒரு டீ சொன்னேன். தஸூகி மாமா டீயோடு வந்தவர் போகவே இல்லை.

"ஏம்ப்பா, வாத்து பேசறத ரெக்கார்டு பண்ண உனக்குச் சம்பளம் தர்றாங்களா?"

"தர்றாங்க."

"நாங்க அதுக்குள்ள வெங்காயத்த அடைச்சு வேகவெச்சா ஒரு பேச்சும் பேசாதே."

ஃபிக்ரி சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. குடிசைப் பழக்கம் போலிருக்கிறது.

ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்து காப்பிக்கடை வாசலில் காத்து நின்றிருக்கிறார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. யாருக்காக நிற்கிறாய் என்று மாமா கேட்டதற்கு, "அவங்க வரட்டும்" என்றாராம். நான் திரும்பியதும் மாமா தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "'அவங்க'வாம். யாரு, போலீஸான்னு கேட்டேன்." ஃபிக்ரி காது சிவந்து நின்றார். தெற்கே ஆண்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெற்ற தாயின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். என் பெயர் நிவீன் என்பது அவருக்குத் தெரியும். என்னிடம் தக்தூரா, மற்றவரிடம் அவங்க. போன் நம்பர் கேட்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் வராத காரியம்.

வாளி பாதிக்குமேல் நிறைந்தபோது அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு முடிவே இல்லையா, தக்தூரா?"

இருந்தது. சார்ஜ் செய்து மறுபடி மறுபடி போடும் கல். இந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை என்பதால் கடையில் வைக்கவில்லை. அதைச் சொன்னால் வாளி நிறையாது. அவர் வாரம் தவறாமல் வரவும் வேண்டியிருக்காது. வாளியின் கைப்பிடியை நேராக நிமிர்த்தி வைத்தேன். அது மறுபடி சாய்ந்தது. வேறொன்றும் செய்வதற்கில்லாததால், "சார்ஜ் கல் இருக்கு, வரவழைச்சுத் தரேன்" என்றேன்.

கெய்ரோ மொத்த வியாபாரி மூன்று வகை அனுப்பினார். மூன்றையும் மேஜைமேல் வரிசையாக நிறுத்தினேன். முதல் வகையில் தங்க நிறத்தில் மிகப் பெரிய எண் அச்சடித்திருந்தது. அவ்வளவு மின்சாரம் அந்த அளவுக் கல்லில் அடங்காது. தஸூகி மாமா புகையிலை நிறுக்கும் தராசை வாங்கிவந்து நிறுத்தேன். மற்ற இரண்டையும்விட நன்றாக லேசாக இருந்தது. உள்ளே சரக்கு இல்லை. அதைத் தள்ளி வைத்தேன்.

இரண்டாவது கனமாக இருந்தது. போட்டிருந்த எண்ணும் ஏறக்குறைய உண்மைதான். ஆனால் அது சும்மா வைத்திருந்தாலே தீர்ந்துபோகும் ரகம். யாரும் எடுக்கவேண்டாம், எதிலும் போடவேண்டாம். மேஜை இழுப்பறையில் கிடந்தபடியே உள்ளுக்குள் கசிந்து, சில வாரங்களில் காலியாகிவிடும். அடிக்கடி சார்ஜ் செய்யவேண்டும்.

மூன்றாவதில் எண் சிறியது. பார்வைக்கு எடுப்பாகவும் இல்லை. ஆனால் நிறைத்து வைத்தால் வைத்தபடி இருக்கும். ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி மிச்சமிருக்கும்.

இரண்டாவதைக் கொடுத்தால் அவர் அடிக்கடி வரவேண்டியிருக்கும். அவருக்கு வித்தியாசமும் தெரியாது. அது ஒன்றும் மோசமான கல் இல்லை. பிற்பகல் முழுக்க இரண்டையும் கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கனம்.

வியாழனன்று மூன்றாவதை எடுத்து வைத்தேன். நாலு கல், ஒரு சார்ஜர். புதுசையும் பழசையும் கலக்கக்கூடாது, ஜோடி ஜோடியாகவே போடவேண்டும் என்று சொல்லி, ஒரு ஜோடிக்குச் சிவப்பு, இன்னொரு ஜோடிக்குப் பச்சை என்று நகப்பூச்சால் புள்ளி வைத்துக் கொடுத்தேன். அக்கரை டீக்கடையில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்றும் நானே சொன்னேன்.

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் இனிமே வரவேண்டாம்ங்கறீங்க."

"ரொம்ப நாளைக்கு வேண்டியிருக்காது."

"டம்யாத்துக்காரங்க சோத்துலதான் கஞ்சம்னு நெனச்சேன். வியாபாரத்துலயுமா?"

நான் சிரிக்க முயன்றேன். அவர் கற்களையும் சார்ஜரையும் பையில் போட்டார். பிறகு படகின் ஊதல் கேட்டது. போய்விட்டார்.

அடுத்த வியாழன் மழை இல்லை. நல்ல வெயில். பகல் படகில் இரண்டு பெண்கள் மீன் கூடையோடு இறங்கினார்கள். அதற்கடுத்த வியாழன் யாரும் இறங்கவில்லை. வாளியை எடுத்துப் பின்கட்டில் வைத்தேன். தஸூகி மாமா டீ வைத்துவிட்டு, "எங்க உன் வாத்துக்காரன்?" என்றார். இப்போது அவருக்குக் கல் தேவையில்லை என்றேன். "கெடுத்துட்டியே," என்றார் மாமா. "வர்ற ஒரே ஆளுக்கும் வராம இருக்க வழி சொல்லிக்குடுத்தியா. படிச்ச புள்ளைங்க இப்படித்தான்."

பிப்ரவரியில் அவர் திரும்ப வந்தார். முகம் வாடியிருந்தது. கற்களை மேஜைமேல் வைத்தார்.

"ஒரு மணி நேரத்துல காலின்னு காட்டுது. ரெண்டு ஜோடியும். நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்."

மீட்டரை வைத்துப் பார்த்தேன். கற்கள் நன்றாகவே இருந்தன. கருவியைக் கேட்டு வாங்கினேன். அதன் அமைப்புப் பட்டியலில் தேடினால், என்ன வகைக் கல் என்று ஓரிடத்தில் சொல்லவேண்டியிருந்தது. அது இன்னும் அல்கலைன் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. சார்ஜ் கல்லின் மின்னழுத்தம் முதலிலிருந்தே கொஞ்சம் குறைவு. ஆனால் கடைசிவரை அதே அளவில் நிற்கும். கருவி அந்தக் குறைவைப் பார்த்துத் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்திருக்கிறது. வகையை மாற்றினேன். திரையில் பேட்டரிக் கோடுகள் நிறைந்தன.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரியா வேலை செய்யுதான்னு பார்க்கலாம். ஏதாவது பேசுங்க."

கருவியை என் பக்கம் நீட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றும் தோன்றவில்லை. காற்று கதவைத் தட்டியது, தூரத்தில் யாரோ படகில் ஆணி அடித்தார்கள். அவர் காத்திருந்தார், காத்திருப்பதுதான் அவருக்குத் தொழில். கடைசியில், "இது கடை" என்றேன். அவர் தலையசைத்து நிறுத்தினார். காதில் மாட்டிக் கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்றார்.

இனி உண்மையிலேயே வரவேண்டியதில்லை. கோளாறு தீர்ந்துவிட்டது. அவர் கற்களைப் பையில் போடத் தொடங்கினார். அக்கரை டீக்கடையில் டிவி போட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்று போகிற போக்கில் சொன்னார். புகாராகக்கூடச் சொல்லவில்லை.

"ஒரு ஜோடிய இங்க விட்டுட்டுப் போங்க," என்றேன்.

என் குரல்தான். எனக்கே கேட்டது.

"இங்க சார்ஜ் ஏத்தி வைக்கிறேன். தீர்ந்தத குடுத்துட்டு நிறைஞ்சத எடுத்துட்டுப் போகலாம். மாத்தி மாத்தி."

அவர் பச்சைப் புள்ளி ஜோடியையும் சார்ஜரையும் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"கரண்டு சும்மாவா? நெஜமாவே நீங்க டம்யாத்துதானா?"

வியாழக்கிழமைகள் திரும்பி வந்தன. சிவப்பு வரும், பச்சை போகும். பச்சை வரும், சிவப்பு போகும். சார்ஜரை ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஏறும்போது சிவப்பு விளக்கு, நிறைந்தால் பச்சை. ஒரு தரம் அவர் பதிவு செய்ததைக் கேட்கக் கொடுத்தார். முதலில் அவர் குரல், இடம், தேதி. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, நாணல் உரசுவது மட்டும். பிறகு எங்கோ ஒரே ஒரு நாமக்கோழி, யாரையோ கூப்பிடுவதுபோல. பதில் வருகிறதா என்று கேட்டேன். சில சமயம் வரும் என்றார்.

மார்ச்சில் பறவைகள் குறையத் தொடங்கிவிட்டன. அவர் அதைச் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். அதற்குமேல் இருவரும் போகவில்லை.

ஏப்ரலில் அக்காவுக்குப் பிரசவம். வசந்தப் பண்டிகைக்கு முந்தின வாரம், ரம்ஸி வந்து என்னை டம்யாத்துக்குக் கூட்டிப்போனார். ஏழாம் நாள் சடங்கில் குழந்தையைச் சல்லடையில் போட்டு அசைத்தார்கள். பெண்கள் அதன் காதருகே பித்தளை உரலை இடித்து, அம்மா பேச்சைக் கேள், அப்பா பேச்சைக் கேட்காதே என்று பாடினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று வியாழக்கிழமை. சார்ஜரில் சிவப்புப் புள்ளி ஜோடி நிறைந்து கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடை பூட்டியிருப்பதைப் பார்த்தால் அடுத்த வாரம் வருவார்.

நான் திரும்பியபோது பண்டிகைக் கூட்டம் வந்திருந்தது. கரையெல்லாம் குடும்பங்கள், உப்புக் கருவாட்டு வாசனை, வெங்காயத்தாள். காப்பிக்கடையில் நாற்காலிகள் தெருவரை நிரம்பிக் கிடந்தன. தஸூகி மாமாவிடம் கேட்டேன்:

"நான் இல்லாதப்போ யாராவது கேட்டாங்களா, மாமா?"

"ஊரே கேட்டுச்சு. மிதவை இருக்கா, குடை இருக்கா, பந்து இருக்கான்னு. நான் என்ன உன் கடைக் கணக்கப்பிள்ளையா?"

கையில் தட்டோடு ஓடிவிட்டார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அந்த வியாழனும் அடுத்ததும் அவர் வரவில்லை. ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுப் படகில் ஏறினேன். அக்கரையில் இறங்காமலே படகுக்காரரிடம் கேட்டேன், ஏரிப் பக்கம் பறவைக் கணக்கெடுக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று. கல்லைக் கடித்து உயிர் கொடுக்கப் பார்த்தவர் இவராகத்தான் இருக்கவேண்டும்.

"போயிட்டாங்கம்மா. பறவையே போயிருச்சு, பறவைக்காரருக்கு என்ன வேலை? செங்கடல் பக்கம் மாத்திட்டாங்கன்னு கேள்வி."

அதே படகில் திரும்பினேன்.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று தோன்றியது. பிறகு, எதற்குச் சொல்லவேண்டும் என்றும் தோன்றியது. அவரிடம் ஒரு ஜோடி இருக்கிறது, கருவிக்கு இரண்டு கல் போதும். நான் தேர்ந்தெடுத்தது நல்ல கல். அது அவரைக் கைவிடாது. கடைக்காரியிடம் விடைபெறுகிறவர்கள் யார்.

சிவப்புப் புள்ளி ஜோடியைச் சார்ஜரிலிருந்து எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டேன்.

கோடை வந்தது. ரம்ஸி வந்தார், மிதவைகள் பரணிலிருந்து இறங்கின. அக்காவும் குழந்தையும் மாடியில் தங்கினார்கள். காலையிலிருந்து இரவுவரை ஆள், சத்தம், ஈர மணல். இவ்வளவு பேர் நடுவில் நான் குளிர்காலத்தைவிடக் குறைவாகவே பேசினேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் ரம்ஸி ஒரு பொம்மைப் படகை வாசலில் ஓடவிட்டுக் காட்டக் கல் தேடி, மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

"இந்த ரெண்டு சும்மாதானே கெடக்கு?"

"அது வேற ஆளோடது," என்றேன்.

"எந்த ஆளு?"

 புதுக் கல் ஒரு அட்டையைப் பிரித்துக் கொடுத்தேன். அக்கா குழந்தையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஊர் மறுபடி காலியானது. ரம்ஸி டம்யாத்துக்குப் போனார். அக்காவும் போனாள். நான் மிதவைகளின் காற்றைப் பிடுங்கினேன். தஸூகி மாமா வெளி நாற்காலிகளை அடுக்கிவிட்டு, கோடையின் கடைசிப் பஞ்சாயத்தாக யாரையோ திட்டிக்கொண்டே டீ கொண்டுவந்தார். யாரோ ஒரு கெய்ரோக்காரர் எட்டு ஹூக்கா சொல்லிவிட்டு ஆளே வரவில்லையாம்.

"சொல்லிட்டு வராம போறவங்களே இந்த வருஷம் ஜாஸ்தி. மொதல்ல ஆரம்பிச்சு வெச்சது உன் வாத்துக்காரன்தான்."

டீயை மேஜைமேல் வைத்தேன்.

"அவர் என்ன சொன்னார்?"

"பண்டிகைக்கு முன்னாடி. நீ ஊர்ல இல்ல. பை, மூட்டையெல்லாம் தோள்ல மாட்டிக்கிட்டு வந்தான். உன் கடை பூட்டிக் கெடந்துச்சு. இங்க ஒரே கூட்டம், டிவில பந்தாட்டம் வேற ஓடுது. உக்காருய்யான்னா உக்காரல. 'அவங்ககிட்ட சொல்லுங்க, ரெண்டு கல்லும் நிறைச்சே வெச்சிருக்கட்டும், வந்து எடுத்துக்கறேன்'னான். நான் அடுப்புப் பக்கம் நிக்கிறவங்ககிட்ட சொல்லிட்டேன், தெற்கத்தி சயீதிக்கு ரெண்டு கல்லு நிறைச்சு வைங்கடான்னு. அவங்களும் நல்ல புகையிலையா அடைச்சு வெச்சாங்க. சாயங்காலம்வரைக்கும் வெச்சிருந்தோம். காஞ்சு போச்சு. அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வருது, அந்தப் பய ஒருநாள்கூட ஹூக்காவத் தொட்டதே இல்ல."

மாமா சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"எப்போ வந்து எடுத்துக்கறேன்னார்?"

"என்னமோ சொன்னான். கூட்டத்துல எங்க காதுல விழுது..." நெற்றியைத் தேய்த்தார். "ஆங். குளிர் வரும்போதுன்னான். ஏப்ரல்ல நின்னுக்கிட்டு குளிர் வரும்போதுங்கறான். அரை நாள் பொறுக்காத புகையிலைய அதுவரைக்கும் வெச்சிருக்க முடியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. என் கடைப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கல்லுன்னா... உன் கல்லா?"

"ஆமா மாமா."

"'அவங்க'ன்னா நீயா?"

நான் தலையாட்டினேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். பேர் சொல்லித் தொலைத்தால் என்ன என்று தெற்கத்தி ஆட்களைத் திட்டினார். பிறகு, ஏப்ரலில் வந்து யாராவது கேட்டாங்களா என்று கேட்டவளையும் திட்டினார். அது நான்தான். டீயை விட்டுவிட்டு, காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மேஜை இழுப்பறையைத் திறந்தேன். இரண்டு கல்லும் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன, மேலே நூலும் ஊக்கும். துடைத்தேன். நகப்பூச்சு ஒன்றில் உரிந்திருந்தது. மீட்டரை எடுத்து முனைகளை வைத்தேன். வைக்குமுன் கொஞ்சம் பயமாக இருந்தது. கோடை முழுக்க அந்த இழுப்பறை அடுப்பாகக் கொதித்திருக்கும். யாரும் எடுக்கவில்லை, எதிலும் போடவில்லை.

முள் எழும்பி நின்றது. இன்னொன்றையும் பார்த்தேன். அதுவும் அப்படியே. ஏப்ரலில் இருந்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு.

அன்று கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த இரண்டாவது வகையைக் கொடுத்திருந்தால் இந்நேரம் காலி.

ஆனால் நிறைத்தே வைக்கச் சொல்லியிருக்கிறார். சார்ஜரைப் பின்கட்டிலிருந்து தேடி எடுத்து, தூசி தட்டி, ஜன்னலோரம் பழைய இடத்தில் வைத்தேன். சிவப்பு எரிந்தது. டீ ஆறுவதற்குள் பச்சையாகிவிட்டது. மிச்சம் ஏற்றவேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பகல் படகின் ஊதல் கேட்டது. எழுந்து வாசலுக்கு வந்தேன். ஒருவர் சைக்கிளோடு இறங்கினார், ஒரு பெண் இறங்கினாள், படகு காலியானது. என்ன கிழமை என்று யோசித்தால் திங்கள். தஸூகி மாமா தன் வாசலிலிருந்து நான் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  

உள்ளே வந்து உட்கார்ந்தேன். முழங்கை மேஜையில் வியர்வையால் ஒட்டியது. இன்னும் குளிர் வரவில்லை.